பைக்குள் கிடக்கவா, உடம்பில் இருக்கவா? மலையேற்றத்துக்கு எடைகுறைந்த ஷெல் ஜாக்கெட்

ஒரு கையில் 180 கிராம் ஜாக்கெட். சுருட்டித் திணித்தால் கைமுட்டி அளவுக்குள் அடங்கிவிடும். வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் இருக்கும் விரல்கள் நிழலாகத் தெரியும். இன்னொரு கையில் 330 கிராம் ஜாக்கெட். அசைத்தால் சரசரக்கிறது, தோள்பட்டைத் துணி விறைப்பாக இருக்கிறது, ஹூட்டுக்குள் ஹெல்மெட்டே நுழையும். வித்தியாசம் 150 கிராம். ஒரு தம்ளர் தண்ணீர்கூட இல்லை. இந்த 150 கிராமை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குழம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் குழம்பியிருக்கிறேன்.

இப்போதெல்லாம் துணியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே ஒரு கணக்குப் போட்டுவிடுகிறேன். பத்து மணி நேர ஏற்றத்தில் இது எத்தனை மணி நேரம் என் உடம்பில் இருக்கும், எத்தனை மணி நேரம் பைக்குள் கிடக்கும்? கிடக்கப்போகிற ஜாக்கெட்டுக்கு எடைதான் முதல் தகுதி. உடம்பில் இருக்கப்போகிற ஜாக்கெட்டுக்கோ வியர்வையை வெளியே விடுவதும், பாறையில் உரசினால் தாங்குவதும்தான் தகுதி. இரண்டையும் ஒரே துணியிடம் எதிர்பார்க்கும்போதுதான் ஏமாறுகிறோம்.

ஷெல் என்றால் வெளி ஓடு, அவ்வளவுதான். கதகதப்பு தருவது அதன் வேலை இல்லை. அதற்கு உள்ளே கம்பளியோ ஃப்ளீஸோ இருக்கிறது. ஓட்டின் வேலை மூன்று: காற்றைத் தடுக்கணும், மழையைத் தடுக்கணும், வியர்வை ஆவியை வெளியே விடணும். மூன்றையும் முழுசாகச் செய்யும் துணி இன்னும் வரவில்லை. எடை குறையக் குறைய இந்த மூன்றில் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும். எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் தேர்வே இருக்கிறது.

எடைகுறைந்த வகையில் நம் முன்னால் நிற்பவை மூன்று. சவ்வே (மழையைத் தடுத்து ஆவியை விடும் மெல்லிய படலம்) இல்லாத, ஒற்றைத் துணியில் தைத்த விண்ட்ஷர்ட். சுமார் 100 கிராம். மெல்லிய மேல்துணிக்குள் சவ்வு ஒட்டி, உள்பக்கம் வெறும் பூச்சோ அச்சுக் கோலமோ போட்ட இரண்டரை அடுக்கு மழை ஜாக்கெட். 170 முதல் 230 கிராம். சவ்வுக்கு வெளியே ஒரு துணி, உள்ளேயும் ஒரு மெல்லிய வலைத்துணி என்று மூன்றடுக்காக ஒட்டிய ஹார்ட்ஷெல். 300 முதல் 400 கிராம். சாஃப்ட்ஷெல் என்று நாலாவது ஒன்றும் உண்டு. நீட்சியும் உறுதியும் உள்ள நல்ல உடைதான். ஆனால் அரைக் கிலோவை நெருங்கும், பைக்குள் சுருங்காது, நல்ல மழையில் நனையும். மழை பெய்யாமல் பனி மட்டும் பெய்யும் கடுங்குளிரில், காலை முதல் மாலை வரை கழற்றாமல் அணிபவர்களுக்கு அது சரி. எடை குறைக்க வந்த நமக்கு இல்லை.

சவ்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாகணும். 1969-இல் பாப் கோர் என்ற அமெரிக்கப் பொறியாளர், சூடாக்கிய பி.டி.எஃப்.இ. (டெஃப்லான் வகைப் பிளாஸ்டிக்) கம்பி ஒன்றை மெதுவாக இழுப்பதற்குப் பதில் வெடுக்கென்று இழுத்தார். அது அறுந்துபோகாமல் நுண்துளைகள் நிறைந்த பொருளாக நீண்டுவிட்டது. கோர்-டெக்ஸ் சவ்வின் தொடக்கம் அதுதான். தண்ணீர்த் துளி நுழைய முடியாத அளவுக்குத் துளைகள் சிறியவை. நீராவி போகும் அளவுக்குப் பெரியவை. கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் ஆவி தானாக வெளியே போகாது. ஏதாவது அதைத் தள்ளணும். உள்ளே சூடும் ஈரமும், வெளியே குளிரும் வறட்சியும் இருந்தால் நன்றாகத் தள்ளும். வெளியிலும் புழுக்கமாக மழை பெய்துகொண்டிருந்தால் தள்ளுவதற்கு எதுவுமில்லை. அந்த நேரத்தில் எவ்வளவு உயர்ந்த சவ்வும் நல்ல பிளாஸ்டிக் பைதான்.

எண்களைப் போட்டே பார்க்கலாம். பெட்டியில் 20,000 கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். ஒரு சதுர மீட்டர் துணி வழியாக 24 மணி நேரத்தில் வெளியேறும் ஆவியின் எடை அது. மணிக்குக் கணக்கிட்டால் 830 கிராம் வருகிறது. செங்குத்தான ஏற்றத்தில் பையோடு வேகமாக நடப்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரைகூட வியர்க்கும். காகிதத்தில் கிட்டத்தட்ட சரிக்கட்டிவிடுகிறது. ஆனால் அந்த 830 ஆய்வகத்தில் துணிக்கு வசதியான நிலையில் எடுத்த எண். மலையில் முதுகு முழுக்கப் பை மூடியிருக்கும், தோளை வார் அழுத்தியிருக்கும், மேல்துணி நனைந்திருக்கும். அதுவுமில்லாமல் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு முறையில் சோதிக்கிறது. கோப்பையின் வாயைத் துணியால் மூடி, நிமிர்த்தி வைத்துச் சோதித்தால் ஒரு எண், கவிழ்த்து வைத்தால் வேறு எண். இவரின் 20,000-ஐ அவரின் 15,000-ஓடு ஒப்பிடுவதில் அர்த்தம் இல்லை. ரெட் (RET) என்ற அளவைக் கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள். ஆவிக்குத் துணி காட்டும் எதிர்ப்பு அது, எண் குறைவாக இருப்பதே நல்லது. 6-க்குக் கீழே இருந்தால் மிக நன்று.

நீர்த்தடுப்புக்கான எண் இதைவிட நேர்மையானது. 10,000 மி.மீ. என்றால் துணிமேல் 10 மீட்டர் உயரத் தண்ணீர் நிற்கும் அழுத்தம் வரை கசியாது. வானத்திலிருந்து விழும் மழைக்கு அவ்வளவு அழுத்தம் கிடையாது. கைக்கும் நெஞ்சுக்கும் அதுவே தாராளம். பைவார் அழுத்தும் தோளிலும், ஈரப் பாறையில் சாயும் முழங்கையிலும்தான் அழுத்தம் ஏறும். கனத்த பை சுமப்பவர் 20,000 பக்கம் போவது நியாயம். அதற்கு மேல் உள்ள எண்களுக்காக நான் எடையையோ பணத்தையோ கூட்ட மாட்டேன்.

ஒருமுறை முகடு ஒன்றில் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் தூறலில் நடந்தேன். போட்டிருந்தது கனமான, பேர்பெற்ற மூன்றடுக்கு ஜாக்கெட். கூடாரத்துக்கு வந்து கழற்றினால் உள்சட்டை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சொதசொதவென்று இருந்தது. ஒழுகுகிறது, ஏமாற்றிவிட்டார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். வீடு திரும்பியதும் ஜாக்கெட் கையின் முனையை ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கி, உள்ளே தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, கீழே ஒரு தாளை விரித்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் தாள் காய்ந்தே கிடந்தது. அன்றைக்கு நனைத்தது மழை இல்லை, என் வியர்வை.

காரணம் மேல்துணி. புது ஜாக்கெட்டின் மேல் தண்ணீர் தாமரை இலையில் உருள்வது போல உருண்டு ஓடும். அதைச் செய்வது சவ்வு அல்ல, மேல்துணியில் ஏற்றியிருக்கும் நீர்விலக்கிப் பூச்சு. அது தேய்ந்தால், முதலில் பைவார் உரசும் இடத்தில் துணி கருத்து, தண்ணீரை உறிஞ்சத் தொடங்கும். சவ்வு அப்போதும் மழையை உள்ளே விடாது. ஆனால் அதன்மேல் ஒரு ஈரப் போர்வை படர்ந்துவிட்டதால் ஆவி வெளியேற வழி இல்லை. உள்ளேயே குளிர்ந்து தண்ணீராகிவிடும். ஜாக்கெட் ஒழுகுகிறது என்ற புகார்களில் நிறைய இந்த வகைதான் என்பது என் எண்ணம். நான் செய்தது, அதற்கென்று உள்ள சோப்புத் திரவத்தில் துவைத்து, துணி மென்மையாக்கி எதுவும் சேர்க்காமல், குறைந்த சூட்டில் உலர்த்தியது மட்டும்தான். அடுத்த மழையில் தண்ணீர் மறுபடி உருண்டது.

இந்தப் பராமரிப்பு இன்றைக்கு முன்பைவிட முக்கியம். பழைய பூச்சுகளில் ஃபுளோரின் சேர்மங்கள் இருந்தன. தண்ணீரோடு எண்ணெயையும் அண்டவிடாது. ஆனால் அவை மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடுகின்றன. அதனால் பல நாடுகளில் கட்டுப்பாடு வந்துவிட்டது. 2025 முதல் கலிஃபோர்னியாவில் அந்தச் சேர்மங்கள் சேர்த்த புதுத் துணிகளை விற்கத் தடை. கடும் மழைக்கான வெளிப்புற உடைகளுக்கு மட்டும் 2028 வரை அவகாசம். கோர் நிறுவனமும் பாலிஎத்திலீனில் செய்த புதுச் சவ்வுக்கு மாறி வருகிறது. நல்ல மாற்றம்தான். ஒரே சிக்கல், புதுப் பூச்சுகள் எண்ணெயை விலக்காது. கழுத்து வியர்வையும் முகத்தில் தடவும் சன்ஸ்க்ரீனும் படிந்தால் சீக்கிரம் நனையத் தொடங்கும். துவைக்கச் சோம்பல்படுகிறவர் என்றால் எவ்வளவு உயர்ந்த ஜாக்கெட் வாங்கினாலும் மூன்றாவது மாதமே அது சாதாரண ஜாக்கெட்டாகிவிடும்.

சரி, விண்ட்ஷர்ட்டுக்கு வருவோம். எனக்குப் பிடித்த உடை இதுதான், அதனால் கொஞ்சம் பாரபட்சம் இருக்கும். படகோனியாவின் ஹூடினி போன்றவை 100 கிராமை ஒட்டியவை. கையில் வைத்தால் இருப்பதே தெரியாது. இவ்வளவு மெல்லிய துணி என்ன செய்துவிடும் என்று தோன்றும். வெப்பநிலை பூஜ்யம் டிகிரி, காற்று மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் தோலுக்கு அது −7 டிகிரி போலப் படும். ஏற்றத்தில் 1,000 மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். அதாவது காற்றடிக்கும் ஒரு கணவாயில் தலை நீட்டுவது, இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே ஏறி நிற்பதற்குச் சமம். அந்தக் காற்றை 100 கிராம் துணி நிறுத்திவிடுகிறது. வியர்வையும் அதன் வழியே சும்மா போய்விடுகிறது. நனைந்தாலும் மழை நின்ற கால் மணி நேரத்தில் உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும்.

புது யோசனையும் இல்லை. 1924-இல் எவரெஸ்ட் ஏற முயன்ற பிரிட்டிஷ் மலையேறி ஜார்ஜ் மலோரி அணிந்தது காபர்டீன் மேலங்கி. தாமஸ் பர்பெரி 1879-இல் உருவாக்கிய நெருக்கமான நெசவு அது. சவ்வும் கிடையாது, பிளாஸ்டிக்கும் கிடையாது. 2006-இல் அந்த உடையைப் போலவே நெய்து தைத்து அதே மலையில் அணிந்து பார்த்தார்கள். நன்றாகவே வேலை செய்தது. மலையில் பெரும்பாலான நேரம் தடுக்கவேண்டியது காற்றைத்தான் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

விண்ட்ஷர்ட் வாங்கும்போது துணியை வாயோடு ஒட்டி வைத்து ஊதிப் பாருங்கள். மூச்சு கொஞ்சம் முக்கி முனகி மறுபக்கம் போனால் அது ஏற்றத்துக்கு ஆகும். ஒன்றுமே போகவில்லை என்றால் காற்றை முழுக்க அடைத்துவிட்ட துணி. நின்றுகொண்டிருக்க நல்லது, ஏற உதவாது. தாராளமாகப் போனால் முகட்டில் குளிரும். எந்த எண்ணையும்விட இந்தச் சோதனையை நான் நம்புகிறேன்.

அதன் குறை வெளிப்படையானது. பத்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் பெய்தால் தொப்பலாகிவிடும். அங்கேதான் இரண்டரை அடுக்கு வருகிறது. அவுட்டோர் ரிசர்ச்சின் ஹீலியம் போன்றவை 180 கிராமைச் சுற்றியவை. எடை எப்படிக் குறைந்தது என்று பார்த்தால் குறைகளும் அங்கேயே தெரியும். முதலில் இழை. 9,000 மீட்டர் இழை 20 கிராம் எடை இருந்தால் அது 20 டெனியர். இந்த ஜாக்கெட்டுகளில் 10, 15, மிஞ்சினால் 30 டெனியர்தான் இருக்கும். சொரசொரப்பான கிரானைட் பிளவுக்குள் தோளை நுழைத்து ஏறினால் ஒரே நாளில் வலைபோல் ஆகிவிடும். இரண்டாவது, உள்துணி இல்லாததால் வெறுங்கையில் அணிந்தால் தோலோடு பிசுபிசுவென்று ஒட்டும். மெல்லிய முழுக்கைச் சட்டைக்கு மேல் போட்டால் அது பெரிதாகத் தெரியாது. மூன்றாவதை வாங்கும்போது யாரும் கவனிப்பதில்லை: ஹூட். எடை குறைக்க அதைத் தலைக்கு மட்டும் தைத்திருப்பார்கள். ஹெல்மெட்டுக்கு மேல் ஏற்றினால் கழுத்து ஜிப் முகவாயைப் பிடித்து இழுக்கும், தலையைத் திருப்பினால் ஹூட் கூடத் திரும்பாமல் ஒரு கண்ணை மறைக்கும். மேலே இருந்து கல் விழும் இடத்தில் இது வெறும் அசௌகரியம் இல்லை.

மூன்றடுக்கில் இந்த மூன்று குறைகளும் குறைகின்றன. சவ்வுக்கு இருபுறமும் துணி இருப்பதால் உள்ளே அழுக்கும் எண்ணெயும் நேராகப் படுவதில்லை, ஆயுள் கூடும். 20 முதல் 40 டெனியர் மேல்துணி பாறையையும் பைவாரையும் கொஞ்ச வருடம் தாங்கும். அரைக் கிலோவை ஒட்டிய ஜாக்கெட்டுகளும் உண்டு. ஆர்க்டெரிக்ஸ் 1998-இல் கொண்டுவந்த ஆல்ஃபா எஸ்.வி. அந்த வகை. குளிர்காலத்தில் பனிச்சுவர் ஏறுபவருக்கு அது கவசம். கோடையில் முகடு ஏறுபவருக்குச் சுமை. ஈவென்ட், நியோஷெல், 2019-இல் நார்த் ஃபேஸ் கொண்டுவந்த ஃப்யூச்சர்லைட் என்று கொஞ்சம் காற்றையே உள்ளே விடும் சவ்வுகளும் இருக்கின்றன. வியர்த்துக் கொட்டும் உடம்பு என்றால் அவற்றை முதலில் பார்க்கலாம். நின்று பெலே கொடுக்கும்போது (கூட ஏறுபவரின் கயிற்றைப் பிடித்திருக்கும்போது) லேசாகச் சில்லென்று இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது எடையைக் கூட்டிப் பாருங்கள். விண்ட்ஷர்ட் 100, இரண்டரை அடுக்கு 180. மொத்தம் 280 கிராம். ஒரு நல்ல மூன்றடுக்கு ஜாக்கெட்டைவிடக் குறைவு. காலை முதல் காற்றுக்கு விண்ட்ஷர்ட் உடம்பில்; மேகம் கறுத்தால் மழை ஜாக்கெட் பையிலிருந்து வெளியே. மூன்றடுக்கு ஒன்றையே வைத்திருப்பவர் என்ன செய்கிறார்? காற்றடித்தால் அதைப் போட்டு வியர்க்கிறார், கழற்றினால் நடுங்குகிறார். ஒரு நாளில் பத்துத் தடவை போட்டுக் கழற்றி, கடைசியில் சோம்பல்பட்டு நனைந்த உள்சட்டையோடு உச்சிக்குப் போகிறார். வானிலை ஓரளவு நம்பகமாக இருக்கும் ஒருநாள், இரண்டுநாள் ஏற்றங்களுக்கு இரட்டை உடைதான் என் தேர்வு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாறும் இடங்களும் உண்டு. நாள்கணக்கில் விடாமல் மழை வரலாம், கயிறும் உலோகக் கருவிகளும் தோளில் உரசும், குறுகலான பாறைப் பிளவுகளில் உடம்பைத் தேய்த்து ஏறணும் என்றால் 330 கிராம் ஜாக்கெட்டையே எடுங்கள். அங்கே 180 கிராம் துணி கிழிந்தால் மாற்று கிடையாது. உறைநிலைக்குக் கீழேயே இருக்கும் உயரங்களில் மழை கவலை இல்லை, ஆனால் காற்றின் வேகம் வேறு. விண்ட்ஷர்ட்டின் மேல் மூன்றடுக்கும் வேண்டியிருக்கும். வெதுவெதுப்பான மழைக்காட்டு வழியே ஏறி மேலே போகும் மலைகளில் எந்தச் சவ்வும் ஜெயிக்காது. அங்கே அக்குளில் ஜிப் வைத்த, தொளதொளப்பான ஜாக்கெட் போதும்.

அக்குள் ஜிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எடைகுறைந்த ஜாக்கெட்டுகளில் முதலில் வெட்டப்படுவது அதுதான். எனக்கு அதில் வருத்தம். சில பத்துக் கிராம் எடைக்கு, எந்தச் சவ்வும் தராத காற்றோட்டத்தை அந்த இரண்டு திறப்புகள் தருகின்றன. மூன்றடுக்கு வாங்கினால் அக்குள் ஜிப் இல்லாததை நான் வாங்குவதில்லை. இரண்டரை அடுக்கில் விட்டுவிடலாம். அது எப்படியும் பெரும்பாலும் பைக்குள்தான் கிடக்கப்போகிறது.

போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் கையைத் தொங்கவிட்டு நிற்காதீர்கள். ஹெல்மெட், ஹார்னெஸ் (இடுப்பில் கயிறு கட்டும் பட்டை), கையுறை எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிப் பிடி தேடுவது போல நீட்டுங்கள். கீழ்விளிம்பு ஹார்னெஸுக்குள்ளிருந்து உருவிக்கொண்டு மேலே வந்தால் அந்த வெட்டு உங்களுக்கு இல்லை. அப்புறம் பாக்கெட். இடுப்பருகே இருந்தால் ஹார்னெஸ் அதை மூடிவிடும். நெஞ்சருகே இருந்தால் பயன்படும். ஜிப் முனையைக் கையுறையோடு ஒரு முயற்சியில் பிடிக்க முடிகிறதா, மணிக்கட்டுப் பட்டி கையுறைக்கு மேல் இறுகுகிறதா என்று பாருங்கள். அளவை ஃப்ளீஸுக்கு மேல் சரியாக இருக்கும்படி எடுத்தால் போதும். தடித்த பஞ்சு ஜாக்கெட்டுக்கு மேல் போடும்படி பெரிதாக எடுக்கவேண்டாம். நிற்கும்போது பஞ்சு ஜாக்கெட்டை ஷெல்லுக்கு மேலேயே போட்டுக்கொள்வதுதான் வேகம். நிறம் உங்கள் விருப்பம். நான் ஆரஞ்சு எடுப்பேன், மேகத்துக்குள் கூட வருபவர் என்னைத் தேடவேண்டாமே.

என் 180 கிராம் ஜாக்கெட்டின் இடது முழங்கையில் விரல் நீளத்துக்கு ஒரு ஒட்டு இருக்கிறது. பாறையில் கிழிந்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பைக்குள் கிராம்பான் (பனியில் நடக்க பூட்ஸில் மாட்டும் உலோக முள்) முனைக்குப் பக்கத்தில் மூன்று நாள் கிடந்ததில் கிழிந்தது. இப்போது அது தனி உறைக்குள் போய், பையின் மேல் மூடியில் உட்கார்ந்துகொள்கிறது.